முட்டைகள் குறைந்த வாரம்

கிசுமு ஏரிக்கரையில்
முழங்கால் தண்ணீரில் நின்று மத்தாத்து வேன் கழுவுகிறவர்களின் மலம்
திங்கள்தோறும் என் மேசைக்கு வரும்,
காலி மார்ஜரின் டப்பாக்களில், பெயர் எழுதி.
வெட்கப்பட்டு நீட்டுவார்கள்.
வெட்கப்படாமல் வாங்கிக்கொள்வது என் உத்தியோகம்.

தகட்டில் சலித்துப் பரப்பி
எண்ணியதை இருபத்து நான்கால் பெருக்கினால் கிராம் கணக்கு.
ஒபுராவின் தகட்டில் எப்போதும் கூட்டம்:
இருபத்தாறு முட்டை, அறுநூற்று இருபத்து நான்கு.
ஒவ்வொன்றின் விலாவிலும் ஒரு முள்.
நத்தையிலிருந்து நீந்தி வந்து தோலைத் துளைத்த புழுக்கள்
குடலோரச் சிரைக்குள் ஜோடியாய்க் குடித்தனம் நடத்துகின்றன.
மாத்திரை தருவோம்.
அவன் ஏரிக்கே திரும்புவான்.
சோறு அங்கேதானே நிற்கிறது, சேறு பூசிக்கொண்டு, நான்கு சக்கரத்தில்.

இந்த வாரம் மூன்றே முட்டை.
மாத்திரை தராமலே மூன்று.
"உன் உடம்பு பாடம் படித்துவிட்டது" என்றேன்.
படித்தவர்கள் உண்டு. நியாகுடியைப் பாருங்கள்,
பதினெட்டு வருடம் அதே தண்ணீர்,
இப்போது புழு ஒட்டுவதில்லை.
அவர் ரத்தத்தில் இரண்டாம் எண் உதவி செல்கள்
புழுவின் வாசம் பட்டதும் குரல் கொடுக்கும்;
சிவப்புப் பொடி மூட்டையோடு ஈசினோஃபில்கள் ஓடிவரும்.

உதவி என்று பெயர்.
தன் கையால் எதையும் கொல்வது அபூர்வம்.
சொல்லும், அவ்வளவுதான்.
காசநோய்க் கிருமியை விழுங்கிவிட்டுச்
செரிக்கத் தெரியாமல் விழிக்கும் பெருவிழுங்கியிடம்
'இப்போது எரி' என்று சொல்வது முதல் எண்.
குடலின் ஈர வாசலில் காளானும் பாக்டீரியாவும் மோதும்போது
ஆள் திரட்டுவது பதினேழாம் எண்.
(நடுவில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள்,
பெயர் வைத்தவர்கள் வரிசையாக வைக்கவில்லை.)
எண்ணே இல்லாத ஒன்று நிணநீர்க் கணுவை விட்டு நகராமல்
ஆன்டிபாடி செய்கிற செல்லை நச்சரிக்கும்:
பொருந்தவில்லை, பிரித்துச் செய், இன்னும் பொருந்தவில்லை.
இத்தனை கூச்சலுக்கும் நடுவே
'போதும்' என்று சொல்லவும் ஓர் இனம் உண்டு.
அது வாய் திறக்காவிட்டால்
காவலே வீட்டைக் கொளுத்திவிடும்.

டாக்டர் வாபுகே தகட்டைப் பார்க்கவில்லை, ஒபுராவைப் பார்த்தார்.
காலர் எலும்பை.
"ரத்தமும் எடு."

மெஷினுக்குள் செல்கள் ஒற்றை வரிசையில் போகும்,
லேசர் பட்டு ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளி.
உதவி செல்களின் இடத்தில் தேன்கூடு மாதிரி அப்பியிருக்க வேண்டும்.
ஒபுராவுக்கு அங்கே
தூறல் நின்ற சிமெண்டுத் தரை.
நூற்றுப் பத்து.
எச்.ஐ.வி. நுழையத் தேர்ந்தெடுக்கும் கதவு
குரல் கொடுக்கிறவர்களின் கதவேதான்.

முட்டைக்குக் கால் கிடையாது.
இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்,
மூன்று என்று குறித்த அந்தக் காலையில் மறந்திருக்கிறேன்.
உதவி செல்கள் ஊரைக் கூட்டி முட்டையைச் சூழவைத்து
குடற்சுவரை இளக்கித்தான் அது வெளியே வரும்.
கூப்பிட ஆளில்லை.
முட்டைகள் உள்ளேதான் இருந்தன, நூற்றுக்கணக்கில்.
நான் பார்த்தது குணம் அல்ல, நிசப்தம்.
அதற்குப் பாராட்டு வேறு சொன்னேன்.

எட்டு மாதம் வைரஸ் மாத்திரை.
இரவு ஒன்பதுக்கு அவன் போனில் படகு ஹாரன் போல ஓர் அலாரம்.

நேற்று வந்த டப்பாவில்
அவன் பெயருக்குக் கீழே மீன் படம் வரைந்திருந்தான்.
தகட்டில் பதினெட்டு.
நம்பாமல் மறுபடி எண்ணினேன், பதினெட்டு.
நானூற்று முப்பத்திரண்டு என்று எழுதும்போது
பேனா கொஞ்சம் அழுத்திவிட்டது,
பின்தாளிலும் பதிந்திருக்கிறது எண்.

"கூடிவிட்டதே!" என்று முகம் சுளித்தான் ஒபுரா.

புழு மாத்திரையை எடுத்து நீட்டினேன்.
"ஆமாம்" என்றேன்,
சிரிப்பை அடக்கமுடியாமல்.